இரண்டு வெள்ளைக் கோடு போட்ட கலயம்

குமரேசா,

வெள்ளிக்கிழமை காலையில் ஏரிக்கரையில் முதல் பாளையை நசுக்கிப் பதப்படுத்த இடுக்கி போடுவதற்கு முன்னால், குழுவில் இருக்கிற எல்லாரையும் உட்காரவைத்து இந்தக் கடிதத்தை நீ சத்தமாகப் படிக்க வேண்டும். ‘முதல்ல நான் மட்டும் பாத்துடறேன்’ என்று ஓரமாக ஒதுங்காதே. பாதியில் உன் குரல் நின்றுவிட்டால் உன் மனைவி வாங்கிப் படிப்பாள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். என் பேச்சை ஒழுங்குபடுத்தி எழுதட்டும், ஆனால் எனக்குச் சாதகமாக ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பதினாறு வருஷமாக இதைச் சொல்ல வாயைத் திறந்து, வேறு எதையாவது சொல்லி மூடியிருக்கிறேன். வாய்க்கு வந்ததை விழுங்கிவிடலாம். காகிதத்தில் ஏறியதை விழுங்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பர்மிட் மனுவைக் கொண்டுவந்து கூடத்தில் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலைப் படித்துக் காட்டினாய். “மொத பேரு உன்னுதுதான் நைனா. தலைவர்னு போட்டுகீறேன்,” என்றாய். உன் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “இன்னா தலைவரே, கையெழுத்து போட கத்துக்கினியா?” என்று என்னைக் கிண்டல் செய்தாள். மரம் ஏறுகிறவர்கள் நாலு பேர், வெல்லம் காய்ச்சுகிற பெண்கள் ஆறு பேர், கொண்டுபோய் விற்க உன்னையும் சேர்த்து மூன்று பேர். நீ படித்து முடித்ததும் நான் கேட்டேன், “தணிகாசலம் பேரு வரலியே?” உன் முகம் மாறிவிட்டது. “கள்ளு கேஸ்ல உள்ள போன ஆளு பேரு லிஸ்ட்ல இருந்தா எந்த ஆபீசர் பர்மிட் குடுப்பான்? பதினோரு குடும்பத்த ஒரு வாட்டி தெருவுல நிக்க வெச்சது போதாதா?” என்றாய். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். தணிகாசலம் அவள் கூடப்பிறந்த தம்பி. உனக்குத் தாய்மாமன். உன்னை மடியில் வைத்துக் காது குத்தியவன். அவனை நீ ‘ஆளு’ என்றாய். நான் அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். பல் வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். எனக்குப் பல்லே ஏழுதான் மிச்சம்.

நீ அம்பத்தூர்ப் பட்டறையில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். அதை விட்டுவிட்டு ஏரிக்கரைப் பனைகளை மறுபடி சீவப் போகிறேன் என்று வந்து நின்றபோது நான் குதித்த குதி உனக்கு ஞாபகம் இருக்கும். “மரத்த நம்பி எவன் பொழச்சான்? ஷிப்ட்டுக்குப் போனமா வந்தமான்னு இல்லாம!” என்று கத்தினேன். நீ பதில் சொல்லாமல் போய் மரங்களை எண்ணிவிட்டு வந்தாய். யாரும் ஏறாத பனையை யாருக்கும் வேண்டாம் என்று செங்கல் சூளைக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். போனது போக எண்பது நிற்கிறது என்றாய். குத்தம்பாக்கத்துப் புது பஸ் நிலையத்தில் இறங்குகிற ஜனம் கலர்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறது, பதநீர் வைத்தால் வாங்காதா என்று கேட்டாய். பட்டாபிராம் பக்கத்து அடுக்குமாடிகளில் கதவு கதவாகப் போய்க் கேட்டு, வெல்லத்துக்கு ஆள் பிடித்தாய். அத்தனையும் சரி. உன் கணக்கில் ஓட்டை இருந்ததால் நான் தடுக்கவில்லை. அந்தக் கரையில் மறுபடி கலயம் தொங்கினால் பழைய கலயத்தின் பேச்சு வரும் என்ற பயத்தில் தடுத்தேன். இது உன்னிடம் நான் ஒத்துக்கொள்கிற முதல் விஷயம். மற்றது இதைவிடப் பெரியது.

அப்போது நாங்கள் பதினோரு பேர். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பர்மிட். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் வடிவது சுண்ணாம்பு பூசிய கலயத்தில் பதநீர், பூசாத கலயத்தில் கள். பதநீருக்குத்தான் அனுமதி, கள்ளுக்குக் கேஸ். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பூச்சுச் சுண்ணாம்பு. நம் தொழிலின் மானம் அவ்வளவு மெல்லியது. கலயங்கள் மாறிவிடாமல் இருக்க ஒவ்வொருவனும் கழுத்தில் ஓர் அடையாளம் போட்டிருப்பான். என்னுடையது ஒரு சிவப்புப் பொட்டு. தணிகாசலத்துடையது இரண்டு வெள்ளைக் கோடு. காலையில் இறக்கியதைக் கரையில் ஒன்றாக வைத்து வடிகட்டி, கேனில் ஊற்றி, குமணன்சாவடிக்கு எடுத்துப் போவோம். அங்கே நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து விற்போம். அவன் கேன் எப்போதும் எனக்குப் பின்னால்தான் தீரும். ஏன் தெரியுமா? அவன் சுண்ணாம்பைக் கலயத்தின் அடிவரைக்கும் கையை விட்டுப் பூசுவான். குடிக்கிறவர்கள் அவனிடம் முகத்தைச் சுளிப்பார்கள். “பெரியவரே, உன்னுது தேனாட்டம் கீது. அந்தாளுது சுண்ணாம்பு நாத்தம் நாறுது,” என்று என்னிடம் வருவார்கள். ‘சீவுற கையிலதான் கீது ருசி’ என்று நான் பெருமையாகச் சொல்வேன். உண்மை என்னவென்றால், நான் பூசுகிற பூச்சை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தேன். நாலு விரல் அகலம் பூசியவன், மூன்று, இரண்டு என்று வந்து, கடைசியில் வாயோரம் ஒரு வளையம் மட்டும் இழுத்துவிட்டுக் கட்டினேன். வெயில் காய்ந்த நாட்களில் அது தாங்கியது. தாங்கியதால் எனக்கு மேலும் தைரியம் வந்தது. காசுக்காக இதைச் செய்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் இருக்கும். ‘உன்னுதுதான் தேன்’ என்ற ஒரு வார்த்தைக்காகச் செய்தேன்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள். அதற்கு மூன்று நாளைக்கு முன்னால் ஒரு காய்ந்த மட்டை விழுந்து என் கலயங்களில் இரண்டு உடைந்துபோயிருந்தன. தணிகாவிடம் கேட்டேன். “எட்துக்க மாமா, இத கூட கேப்பியா?” என்று தன் கலயத்தில் இரண்டைக் கொடுத்தான். பொட்டு வைக்கச் சிவப்புப் பெயிண்ட் இல்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, அவசரத்தில் மற்றவற்றைவிட மெல்லிய வளையம் இழுத்து, அப்படியே கட்டிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் மூடாப்புப் போட்டு, ஒரு தூறல் தூறி, புழுக்கமாக விடிந்தது. நான் இறக்கும்போதே அந்த இரண்டு கலயத்திலும் வெள்ளை நுரை பொங்கி நின்றது. வாசம் மூக்கில் ஏறியது. உடனே கீழே கொட்டியிருக்க வேண்டும். கரையில் வைத்துவிட்டு அடுத்த மரம் ஏறினேன், வந்து கொட்டலாம் என்று. நான் இறங்கி வருவதற்குள் ஜீப் வந்து நின்றிருந்தது.

மதுவிலக்கு அதிகாரி கலயம் கலயமாகக் குனிந்து முகர்ந்துகொண்டே வந்தார். நுரைத்த கலயத்துக்கு முன்னால் நின்று, காலால் தொட்டு, “இது யாருது?” என்று கேட்டார். பதினோரு பேரும் வரிசையாக நிற்கிறோம். எல்லார் கண்ணும் இரண்டு வெள்ளைக் கோட்டைப் பார்த்தது. தணிகா கலயத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். “கலயம் என்னுதுதான் சார்,” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்குமேல் சொல்ல வேண்டியதை எனக்காக விட்டுவைத்துக் காத்திருந்தான். நீ அதைக் கவனிக்க வேண்டும் குமரேசா. அவன் பொய் சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவுமில்லை. பக்கத்தில் நின்ற நான் என் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பன்னிரண்டாவது பரீட்சை முடிந்து முடிவு வரவேண்டிய நேரம், இந்த நேரத்தில் அப்பன் ஜெயிலுக்குப் போனால் பிள்ளை என்ன ஆவான் என்று நினைத்தேன் என்று எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அது பிறகு தேடிப்பிடித்த காரணம். அந்த நிமிஷத்தில் உன் நினைப்பு எனக்கு வரவே இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

அதோடு முடியவில்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து என்னவோ எழுதினார்கள். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். வயதில் மூத்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். இந்த அடையாளம் போட்ட கலயம் தணிகாசலத்துடையது, எனக்குத் தெரியும், என்று இருந்தது. ஒரு சொல்லும் பொய் இல்லை. எனக்குப் படிக்கத் தெரியாது, என்ன எழுதினார்களோ என்று தப்பித்துக்கொள்ளவும் வழி இல்லை. தெளிவாகப் படித்துக் காட்டினார்கள். இடது பெருவிரலில் மை தடவி அழுத்தினேன். தணிகா அந்த விரலைப் பார்த்துக்கொண்டே ஜீப்பில் ஏறினான்.

பதினைந்து நாள் உள்ளே இருந்தான். பர்மிட்டை ரத்து செய்தார்கள். பதினோரு பேரும் திசைக்கு ஒருவராகப் போனார்கள். கலவை மிஷினுக்குப் போனவன் உண்டு, லாரிக்குக் கிளீனராகப் போனவன் உண்டு. எல்லாரும் ஒரு வாயாகத் திட்டியது தணிகாவைத்தான். ‘கள்ளுக்காரன்’ என்று பெயர் வைத்தார்கள். திட்டுகிறவர்கள் நடுவில் நானும் உட்கார்ந்து தலையை ஆட்டியிருக்கிறேன். உன் அம்மா அவன் வீட்டு வாசலை மிதிப்பதை விட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன் பூந்தமல்லி மண்டபத்தில் உன் கல்யாணம் நடந்தபோது, தாய்மாமன் வரிசை வைக்க வேண்டிய நேரத்தில் தூரத்து உறவில் ஒருவனைப் பிடித்து நிறுத்தினோம். அவனுக்கு மாலையை எந்தக் கையில் வாங்குவது என்றுகூடத் தெரியவில்லை. உன் அம்மா அன்றைக்கு மண்டப வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் பட்டியலைக் கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் பட்டாபிராம் போனேன். தணிகா அங்கே ஓர் அடுக்குமாடிக்குக் காவல் நிற்கிறான் என்று எல்லாரையும்போல எனக்கும் தெரியும். நீலச் சட்டை, இடுப்பில் பெல்ட், தலையில் தொப்பி. என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. “இன்னா மாமா, ஊடு மாறி வந்துட்டியா?” என்றான். உன்னைத்தான் பார்க்க வந்தேன் என்றேன். “என்ன பாக்க வர்றவன்லாம் நோட்டுல பேரு எழுதணும்,” என்று ஒரு பெரிய நோட்டை என் பக்கம் தள்ளினான். “எனக்கு எழுத வராதுன்னு தெரியாதாடா?” என்றேன். “தெரியும். கைநாட்டு வெய்யி. உனக்குப் பழக்கந்தானே,” என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஒரு காருக்குச் சங்கிலியைக் கழற்றி, ஒரு சலாம் போட்டுவிட்டு வந்து, “பாளை வந்துட்ச்சா?” என்று கேட்டான்.

“வந்துட்ச்சுடா.”

“கரைல மூணாவது மரம் கீதா? சாஞ்சிகினு நிக்குமே?”

“கீது. சூளைக்காரன் அத உட்டுட்டான். கோணலா கீதாம்.”

“என்னிய மாதிரி,” என்றான். பிறகு குரலைத் தணித்து, “புள்ளைங்ககிட்ட சுண்ணாம்ப அடிவரிக்கும் பூச சொல்லு மாமா. வாயில மட்டும் வளையம் போட்டா மூடாப்பு நாள்ல பொங்கிடும்,” என்றான்.

வளையம் போட்டதை நான் உலகத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. “எப்பத்திலிருந்து தெரியும்?” என்று கேட்டேன். “ஜீப்பு வர்றதுக்கு ரெண்டு வாரம் முந்தியே. உன் மரத்துக் கீழ நின்னு அண்ணாந்து பாத்தா தெரியாதா, எங்க வெள்ளை கீதுன்னு? சொன்னா கோச்சுக்குவியேன்னு சொல்லல.” அன்றைக்கு அதிகாரியிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். “எங்கக்கா புருசன நான் எப்டி சொல்றது? நீ சொல்லுவேன்னு நின்னேன். ஜீப்புல நின்னேன், உள்ள நின்னேன், அப்பால இங்க வந்து நிக்கறேன். நிக்கற வேலதானே மாமா நமக்கு,” என்றான். அழைத்தால் வருவாயா என்று கேட்டேன். “நீ சொல்லாம குமரேசன் கூப்ட்டா வர மாட்டேன். பாவம்னு கூப்ட்டாலும் வர மாட்டேன். தெரிஞ்சு கூப்ட்டா, இந்தத் தொப்பிய கயட்டி இந்த நாற்காலி மேல வெச்சுட்டு அப்டியே வருவேன்,” என்றான்.

நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவே இல்லை. முழுவதும் கேட்டுவிட்டு, “பதினாறு வருசமா என் தம்பி ஊட்டுல ஒரு வாய்த் தண்ணி நான் குடிக்கல,” என்றாள். மன்னித்துக்கொள் என்றேன். “அவன்கிட்ட எழுதிட்டியா?” என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். “மொதல்ல அத எல்லார் முன்னாடியும் படிக்கட்டும். அப்பால உன்னாண்ட பேசறதா வேணாமான்னு பாக்கறேன்,” என்றாள். இன்றைக்கு எனக்குச் சோறு போட்டாள். பேசவில்லை. அது நியாயம்தான்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கெஞ்சலாகச் சொல்லவில்லை, உறுதியாகச் சொல்கிறேன். பட்டியலில் என் பெயரை அடித்துவிடு. அந்த இடத்தில் தணிகாசலம் என்று எழுது. அவன் பெயரால் பர்மிட் தடைப்பட்டால் என்ன செய்வது என்று நீ கேட்பாய், மற்றவர்களும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்; பதினாலு வீட்டு அடுப்பு இதில் இருக்கிறது. அதனால்தான் திங்கட்கிழமை நீ மனுவோடு ஆபீசுக்குப் போகும்போது நானும் வருவேன். இந்தக் கடிதத்தின் நகலையும் மனுவோடு சேர்த்துக் கொடு. அந்தக் கலயத்தைக் கட்டியவன் நான், சுண்ணாம்பைக் குறைத்தவன் நான் என்று மேஜைக்கு முன்னால் நின்று சொல்வேன். அவர்கள் என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். இந்த வயதில் என் முட்டி மரம் ஏறாது, ஆபீஸ் படி ஏறும். இடுக்கி வைத்துப் பாளை பக்குவப்படப் பத்து நாளாவது ஆகும். அதற்குள் பதில் வாங்காமல் நான் அந்த வாசலைவிட்டு நகர மாட்டேன். எத்தனை நாள் ஆனாலும் நீ பர்மிட் கைக்கு வராமல் ஒரு கலயமும் கட்டாதே.

நீ கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் எண்பது மரத்துக்கு நாலு ஆள் போதாது என்பதை நீயே உணர்ந்திருப்பாய். காலையும் மாலையும் ஏறி இறங்க ஒருவனுக்குப் பதினாறு மரமே பெரிது. ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். கல்யாணமோ சாவோ அதற்குத் தெரியாது. ஐந்தாவது ஆள் உனக்குப் பட்டாபிராமில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறான். ஐம்பத்திரண்டு வயதிலும் தொப்பை விழவில்லை. நான் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இன்னொன்று. கலயத்துக்கு அடையாளம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடையாளத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்காதீர்கள். ஒருவன் சுண்ணாம்பு பூசினால் இன்னொருவன் உள்ளே கையைவிட்டுத் தடவிப் பார்க்கட்டும். விரல் அடிவரை வெள்ளையாக வெளியே வந்தால்தான் கலயம் மரம் ஏற வேண்டும். குடிக்கிறவன் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். தெளியவைத்து வடிகட்டிக் கொடுத்தால் பாதி வாசம் போய்விடும். மீதி வாசத்தை, ‘அது இருந்தாத்தான் இது பதநீர்’ என்று சொல்லி விற்கக் கற்றுக்கொள். விற்காததை அன்றைக்கே அடுப்பில் ஏற்றிவிடு. தேன் மாதிரி இருக்கிறது என்று எவனாவது புகழ்ந்தால் சாயங்காலம் போய் உன் கலயத்தைத் தடவிப் பார்.

அந்தத் தடவிப் பார்க்கிற வேலையைத் தணிகாசலத்துக்குக் கொடு. கள்ளுக்காரன் என்று சொன்ன ஊர், ஒவ்வொரு சாயங்காலமும் அவன் சரி என்று சொன்ன பிறகுதான் கலயம் ஏறுவதைப் பார்க்க வேண்டும்.

இதைப் படித்து முடித்ததும் யாரும் என்னைத் தேட வேண்டாம். நான் மூன்றாவது மரத்துக்குக் கீழே நின்றிருப்பேன், எங்கேயும் ஓட மாட்டேன். திட்ட வேண்டியவர்கள் வந்து திட்டிக்கொள்ளலாம். பதினோரு பேரில் மூன்று பேர் உன் குழுவில் இருக்கிறார்கள், அது அவர்களுக்கு நான் பட்ட கடன். நீ மட்டும் நிற்காதே. போன் செய்யாதே. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே பட்டாபிராம் போ. வாசலில் நோட்டை நீட்டினால் உன் பெயரை எழுது, யாரைப் பார்க்க என்ற இடத்தில் ‘என் மாமா’ என்று எழுது. அவன் படிக்கத் தெரிந்தவன். நீ திரும்பி வரும்வரை முதல் பாளையில் இடுக்கி வைக்க வேண்டாம். வெயில் ஏறினாலும் பரவாயில்லை, மரம் காத்திருக்கும். இடுக்கியை அவன் கையால் வைக்கட்டும்.

வீட்டில் மை இல்லை. உன் மனைவி கடையிலிருந்து ஒரு மை டப்பா வாங்கி வந்திருக்கிறாள். எழுதியதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். கீழே இருப்பது என் இடது பெருவிரல். அன்றைக்கு ஜீப்பின்மேல் வைத்த அதே விரல்.